எஞ்சின் நின்றால் குளிர் எங்கே போகிறது?

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு அநுராதபுரத்துக்குக் கல்விச் சுற்றுலா சென்றது. கண்டியிலிருந்து அதிகாலையில் புறப்பட்டபோது பஸ்ஸின் ஏ.சி. எங்களுக்குத் தேவைப்படவேயில்லை. தம்புள்ளையைத் தாண்டிய பின்னரோ அது இல்லாமல் இருக்க முடியாது என்றாகிவிட்டது. லுஹர் தொழுகைக்கும் பகலுணவுக்கும் பஸ்ஸை நிறுத்தியபோது சாரதி நானா எஞ்சினை அணைத்தார். தலைக்கு மேலிருந்த துவாரங்களிலிருந்து காற்று வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் குளிர் வரவில்லை.

“நானா, ஏ.சி.யப் போடுங்களேன்” என்றோம்.

“எஞ்சின் ஓடாம ஏ.சி. வராது மகள். சீலைய இழுத்து விடுங்க. கதவு திறந்து கிடக்கட்டும்” என்றார்.

“டீசல மிச்சம் பிடிக்கிறார்” என்று பின் ஆசனத்திலிருந்து அவருக்குக் கேட்கும்படி சொன்னது நான்தான்.

அன்றிரவு ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கினோம். வெக்கையும் நுளம்பும் தாங்காமல் நாங்கள் ஐந்து பேர், பஸ்ஸில் ஏ.சி.யைப் போட்டுத் தூங்கலாமா என்று கேட்டோம். பஸ் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, சுவரோரமாக நின்றது. அவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். “எஞ்சினப் போட்டுட்டுத் தூங்கக் கூடாது மகள்.” எனக்கு இன்னும் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சாச்சாவிடம் இதை ஒரு முறைப்பாடாகவே சொன்னேன். அவர் குளிர்சாதனப் பெட்டியும் ஏ.சி.யும் திருத்துபவர். அவர் சிரித்துவிட்டு, என் அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கணக்கொன்று போடத் தொடங்கினார். அந்தக் கணக்கையும், அதன்பின் நான் தேடி அறிந்ததையும் சகோதரிகளாகிய உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே விடுவதே அதன் வேலை. திரவம் ஆவியாகும்போது சூழலிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருக்கிறோம். பஸ்களின் ஏ.சி.யில் பெரும்பாலும் பயன்படும் ஆர்-134ஏ என்ற பொருள் சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் -26 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அது உள்ளே ஆவியாகி வெப்பத்தை வாங்குகிறது. அந்த ஆவியை அமுக்கி, வெளியே அனுப்பி, வெப்பத்தை இழக்கச் செய்து, மீண்டும் திரவமாக்க வேண்டும். இந்த அமுக்கும் வேலையைச் செய்வது கொம்பிரஸர். ஏ.சி.க்கு வேண்டிய வலுவில் பெரும் பங்கை உண்பது அதுதான்.

பஸ்ஸில் எவ்வளவு வெப்பம் இருக்கும்? சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் சுமார் 100 வாற்று வெப்பத்தை வெளிவிடுகிறது. ஐம்பது பேர் என்றால் 5000 வாற்று. அதாவது, ஐந்து மின்அழுத்திகள் எந்நேரமும் சூடாகிக்கொண்டிருப்பதற்குச் சமம். இதனுடன் கூரையைச் சுடும் வெயில், கண்ணாடியால் நுழையும் வெயில், கதவு திறக்கும்போதெல்லாம் புகும் வெக்கை எல்லாம் சேரும். அதனால்தான் பெரிய பஸ்ஸின் ஏ.சி. சுமார் 30 கிலோவாற்று வெப்பத்தை வெளியேற்றக்கூடியதாக அமைக்கப்படுகிறது. அதன் கொம்பிரஸரைச் சுழற்றச் சுமார் 10 கிலோவாற்று வலு வேண்டும்.

இந்த வலு எங்கிருந்து வருகிறது? எங்கள் பஸ்ஸில் கொம்பிரஸர் ஒரு பட்டியால் எஞ்சினுடன் இணைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் சுழன்றால் அதுவும் சுழலும், நின்றால் அதுவும் நிற்கும். காற்றாடிகள் மட்டும் பற்றறியில் ஓடுபவை. காற்று வந்தும் குளிர் வராத மர்மம் இதுதான்.

“அப்படியென்றால் கொம்பிரஸரையும் பற்றறியில் ஓட்டினால் என்ன?” என்று கேட்டேன். சாச்சா எழுதிக் காட்டினார். பஸ்ஸின் பற்றறித் தொகுதி 24 வோல்ற்று. வலு என்பது வோல்ற்றளவையும் ஓட்டத்தையும் பெருக்கி வருவது. எனவே 10,000 வாற்றுக்கு 400 அம்பியருக்கு மேல் ஓட்டம் வேண்டும். 150 அம்பியர் மணி கொள்ளளவுள்ள தொகுதி என்றால் அதில் இருப்பது 3.6 கிலோவாற்று மணி மட்டுமே. காகிதக் கணக்கில்கூட அது இருபது நிமிடத்துக்குத்தான் போதும். அதற்குப் பிறகு எஞ்சினைத் தொடக்கவும் பற்றறியில் உயிர் இருக்காது.

ஆனால் நின்ற இடத்திலேயே மூன்று ஏ.சி.களை இரவு முழுவதும் ஓட்டும் வாகனங்களும் உலகில் உண்டு. அமெரிக்காவில் ‘மோட்டர் ஹோம்’ எனப்படும் வீட்டு வாகனங்களில் பெரியவை 45 அடி நீளமானவை. கட்டில், சமையலறை, குளியலறை எல்லாம் அவற்றுக்குள் இருக்கும். கூரையில் முன்னும் நடுவிலும் பின்னுமாக மூன்று ஏ.சி.கள். நம் கடைகளில் 9000, 12,000 பீ.ரி.யூ. என்று ஏ.சி. விற்பதுபோல, அங்கே ஒவ்வொன்றும் 13,500 அல்லது 15,000 பீ.ரி.யூ. அளவுடையது. இவற்றின் கொம்பிரஸர்கள் வாகன எஞ்சினை நம்பியிருப்பவை அல்ல, மின்சாரத்தில் ஓடுபவை. அந்த மின்சாரத்தைப் பெற மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, தரிப்பிடத்தில் உள்ள மின்கம்பத்தில் செருகுவது. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று. சிறிய இணைப்பு 30 அம்பியர், அதாவது 3600 வாற்று. ஓர் ஏ.சி.க்குச் சுமார் 15 அம்பியர் வேண்டும். இரண்டைப் போட்டால் எல்லை வந்துவிடும். கேத்தலைப் போட்டால் ஆளி விழுந்துவிடும். மேலும், கொம்பிரஸர் தொடங்கும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு ஓட்டத்தை இழுக்கும். அதனால் அது மெதுவாகத் தொடங்கும்படி செய்யும் சிறு கருவியொன்றைச் சிலர் பொருத்துகிறார்கள்.

பெரிய வாகனங்களுக்கு 50 அம்பியர் இணைப்பு. பெயரைப் பார்த்தால் 30 ஐ விடக் கொஞ்சம்தான் கூட என்று தோன்றும். உண்மையில் அதில் 120 வோல்ற்றுக் கம்பிகள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் 50 அம்பியர் தரும். ஆகவே மொத்தம் 12,000 வாற்று. நமது வீடுகளில் வழக்கமான 230 வோல்ற்று, 30 அம்பியர் இணைப்பு தருவது 6900 வாற்று. அந்த ஒரு வாகனம் நம் வீட்டைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வலுவை எடுக்க முடியும்! அப்படியிருந்தும் கணக்குப் பார்த்தே வாழ வேண்டும். இரண்டு ஏ.சி.களை ஒரு கம்பியிலும், மூன்றாவதை மற்றக் கம்பியிலும் பிரித்துச் சுமையைச் சமப்படுத்துகிறார்கள். வலு போதாதபோது ஏ.சி.களில் ஒன்றைத் தானாக நிறுத்தி, பின்னர் மீண்டும் போடும் கட்டுப்பாட்டுக் கருவியும் சிலவற்றில் உண்டு. 2022 இல் நம் வீட்டார் வாராந்தக் கோட்டாவில் பெற்றோலைப் பங்கிட்டதுபோல, அங்கே அம்பியரைப் பங்கிடுகிறார்கள்.

இரண்டாவது வழி, வாகனத்திலேயே உள்ள மின்பிறப்பாக்கி. பெரிய வீட்டு வாகனங்களில் அது சுமார் 10 கிலோவாற்று அளவில் இருக்கும். பாடகர் குழுக்கள் ஊர் ஊராகச் செல்லும் படுக்கை பஸ்களில் பன்னிரண்டு பேர்வரை தூங்குவார்கள். அவற்றில் 20 கிலோவாற்று வரையான மின்பிறப்பாக்கிகளும் உள்ளன. ஜப்பானின் பழைய சுற்றுலா பஸ்கள் சிலவற்றில் ஏ.சி.க்கென்றே தனியாக ஒரு சிறிய எஞ்சின் இருந்தது. இவை எல்லாம் எரிபொருளை எரித்தே ஓடுகின்றன.

மூன்றாவது வழி, பெரிய பற்றறித் தொகுதி. ஓர் ஏ.சி. 1.5 கிலோவாற்று வீதம் எட்டு மணித்தியாலம் இடைவிடாது ஓடினால் 12 கிலோவாற்று மணி செலவாகும். நம் மின்பட்டியலில் அது 12 அலகு. மூன்று ஏ.சி.களுக்கு 36 அலகு. 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி கொண்ட லிதியம் பற்றறி ஒன்றில் 1.2 அலகுதான் இருக்கும். ஒரு இரவுக்கு முப்பது பற்றறிகள்! எனவேதான் பற்றறியை நம்புவோர் பெரும்பாலும் ஓர் ஏ.சி.யோடு திருப்தி அடைகிறார்கள்.

இனி, அந்த இரவின் மறுப்புக்கு வருகிறேன். எரிபொருள் முழுமையாக எரியாதபோது காபனோரொட்சைட்டு உருவாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் சேர்ந்துகொள்ளும். தலைவலி, தலைச்சுற்று, ஓங்காளம் என்று அது தொடங்கும். விழித்திருப்பவர் வெளியே ஓடித் தப்பலாம். தூங்குபவருக்கு எதுவும் தெரியாது. டீசல் எஞ்சின் பெற்றோல் எஞ்சினைவிடக் குறைவாகவே இதை வெளிவிடுகிறது. ஆனால் வெளிவிடாமல் இல்லை. சுவர்களுக்கிடையே நிற்கும் வாகனத்தின் புகை கலைந்து போக வழியின்றித் தேங்கி, சிறு இடுக்குகளாலும் உள்ளே வரும். வீட்டு வாகனங்களில் இந்த வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி வைக்கிறார்கள். எங்கள் பஸ்ஸில் அது இருக்கவில்லை. அந்த இடத்தில் இருந்தவர் சாரதி நானா ஒருவர்தான்.

சாச்சா கொப்பியை மூடும்போது, “பஸ்ஸ எங்க நிப்பாட்டினார்?” என்று கேட்டார். அப்போதுதான் நினைவு வந்தது. பகலில் அவர் முதலில் நிறுத்திய இடத்திலிருந்து பஸ்ஸை எடுத்து, பெரிய மரமொன்றின் நிழலில் கொண்டுபோய் விட்டிருந்தார். வெயில் படும் பக்கத்துச் சீலைகளை ஒவ்வொன்றாகத் தானே இழுத்து மூடினார். வெப்பத்தை வெளியேற்றச் செலவாகும் வலுவைவிட, அதை உள்ளே வரவிடாமல் தடுப்பது மலிவு என்பதை அவர் எந்தச் சூத்திரமும் இல்லாமல் தெரிந்து வைத்திருந்தார்.

சகோதரிகளே, அடுத்த சுற்றுலாவில் வாகனம் நின்றால் இறங்கி நிழலில் இருங்கள். சிறு பிள்ளைகளையும் முதியவர்களையும் பூட்டிய வாகனத்துக்குள் விட்டுச் செல்லாதீர்கள். எஞ்சின் ஓடும் வாகனத்தில் தூங்க நினைப்பவர்களைத் தடுங்கள். சாரதி ‘முடியாது’ என்றால் காரணத்தைக் கேளுங்கள். நான் அதைக் கேட்கவில்லை.

திரும்பி வந்த இரவு, கல்லூரி வாசலில் எங்கள் பைகளை ஒவ்வொன்றாக இறக்கித் தந்தார் அவர். என் பையையும் தந்தார். நான் ஸலாம்கூடச் சொல்லாமல் நடந்தேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் எப்படியாவது அவர் கண்ணில் படட்டும். நானா, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.