அசையாமல் 20 நிமிடம்: ஒரு கணக்கு

வற்றாப்பளையில் நந்திக்கடல் கரையோரம் காலையில் நின்று பழகுபவனிடம் ஊரார் முதலில் கேட்பது, நின்றால் உடம்பு இளைக்குமா என்பதுதான். இதற்கு 0.15 என்ற எண்ணே பதில். இருப்பதை விட நிற்பதற்கு நிமிடத்துக்கு 0.15 கிலோகலோரி மட்டுமே கூடுதலாகச் செலவாகிறது என்று, 46 ஆய்வுகளையும் 1,184 பேரையும் ஒன்றுசேர்த்து 2018இல் வெளியான பகுப்பாய்வு கணித்தது. 20 நிமிடத்துக்கு இது 3 கிலோகலோரி. 1 கிராம் சீனியிலேயே ஏறத்தாழ 4 கிலோகலோரி உண்டு. ஆண்டு முழுதும் நாள் தவறாமல் நின்றாலும் 1,095 கிலோகலோரிதான் சேரும். 1 கிலோகிராம் உடற்கொழுப்பை 7,700 கிலோகலோரி என்று கொண்டால், அதைக் கரைக்க 7 ஆண்டுகள் வேண்டும். சாதாரணமாக நிற்பதற்கே இந்தக் கணக்கு. கையை உயர்த்தினால் செலவு சற்று ஏறும், ஆனாலும் எடை குறைக்க விரும்புபவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

நான் பழகுவது சீன அகவழித் தற்காப்புக் கலைகளின் நிலைத் தியானம். சீனத்தில் அதற்கு ஷான் ஷுவாங் என்று பெயர். வாங் ஷியாங்ஷாய் (1885–1963) 1920களில் வகுத்த யீச்சுவான் முறைக்கு இதுவே அடித்தளம். அவருடைய மாணவர் யூ யொங்நியன் (1920–2013) பல் வைத்தியர். நோயாளருக்கும் ஏற்ற உடற்பயிற்சியாக இதை எழுதிப் பரப்பியவர் அவர். பாதங்கள் தோளளவு அகலத்தில் இருக்கும், முழங்கால்கள் சற்றே மடிந்திருக்கும், கைகள் மார்புக்கு முன்னால் வளைந்திருக்கும். இதற்கு 60 சென்ரிமீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் போதும், அதாவது 0.36 சதுர மீற்றர் நிலம். கருவிச் செலவு 0 ரூபா.

உடம்பு உண்மையில் சுமப்பது வேறொரு எண். ஒரு கையின் நிறை உடல் நிறையில் ஏறத்தாழ 5 சதவீதம். ஆகவே 60 கிலோகிராம் எடையுள்ளவரின் இரு கைகளும் 6 கிலோகிராம். தசையின் உச்ச வலுவில் 50 சதவீதத்தைச் செலுத்தி ஒரே நிலையில் பிடித்தால் ஏறத்தாழ 1 நிமிடத்தில் களைத்துவிடும், 15 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் தாங்கும் என்பது 1960இல் ஜெர்மானிய ஆய்வாளர் ரோமர்ட் வரைந்த வளைகோடு. பின்வந்த ஆய்வுகள் அந்த 15ஐயும் குறைத்தே மதிக்கின்றன. தொடக்கத்தில் என் தோள் எரிந்ததன் காரணம் எனக்கு இந்த வளைகோட்டில்தான் விளங்கியது. 6 கிலோகிராமைத் தூக்கத் தேவையான அளவுக்கு மேலே கழுத்தும் முழங்கையும் இறுகியிருந்தன. பயிற்சி முன்னேறும்போது கையின் நிறை மாறுவதில்லை, இந்த வீண் இறுக்கமே குறைகிறது. எங்கள் ஊர்க் கோயிலின் வைகாசி விசாகப் பொங்கலில் கற்பூரச்சட்டி ஏந்தி வரும் பெண்களின் கைகளும் ஏறத்தாழ இதே உயரத்தில்தான் நிற்கின்றன. அவர்கள் சட்டியின் நிறையையும் சேர்த்தே தாங்குகிறார்கள்.

பொங்கல் கூட்டம் இன்னொரு எண்ணையும் நினைவூட்டுகிறது. எழுந்து நிற்கும்போது 500 முதல் 800 மில்லிலீற்றர் வரை இரத்தம் உடலின் கீழ்ப்பகுதிக்கு இறங்குகிறது. மொத்த இரத்தம் 5 லீற்றர் எனில் இது 10 முதல் 16 சதவீதம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை அதை மேலே தள்ளும், அசையாது நிற்கும்போது அந்த உதவி குறையும். வெயிலில் நீண்ட நேரம் நிற்பவர் மயங்கி விழுவதற்கு இது ஒரு காரணம். எனவே புதியவர் 20 நிமிடத்தில் தொடங்கக்கூடாது. முதலில் 2 அல்லது 3 நிமிடம் போதும். தண்ணீர் குடித்திருக்க வேண்டும், முழங்காலை இறுக்கிப் பூட்டக்கூடாது, தலை சுற்றினால் உடனே இருந்துவிட வேண்டும்.

இனி வரவுப் பக்கம். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையான 1,702 பேரை 10 விநாடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். 20.4 சதவீதத்தினரால் முடியவில்லை. இடைநிலையாக 7 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், நின்றவர்களில் 4.6 சதவீதத்தினரும் நிற்க முடியாதவர்களில் 17.5 சதவீதத்தினரும் இறந்திருந்தனர். வயதையும் நோய்களையும் கணக்கில் எடுத்த பிறகும் நிற்க முடியாதவர்களின் இறப்பு ஆபத்து 84 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2022இல் வெளிவந்த இந்த ஆய்வு தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை.

காரணத்துக்கு அருகில் கொண்டுசெல்வது 2019இன் கொக்ரேன் மீளாய்வு. 108 சோதனைகளையும் 23,407 முதியோரையும் உள்ளடக்கிய அந்த மீளாய்வின்படி, உடற்பயிற்சி விழுதல்களை 23 சதவீதம் குறைத்தது. தாய்ச்சி என்ற சீனப் பயிற்சிக்குத் தனியாக வந்த எண் 19 சதவீதம், ஆனால் அதன் சான்று உறுதி குறைந்தது என்று மீளாய்வே குறிக்கிறது. தாய்ச்சியில் அசைவும் உண்டு, எனவே 19 சதவீதத்தை அப்படியே நிலைத் தியானத்தின் பெயரில் வரவு வைக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவானவை மடிந்த முழங்காலும் பாதத்தில் பரவும் எடையும் என்பது வரை சொல்லலாம்.

19 சதவீதம் சிறிய எண் அன்று. உலகில் ஆண்டுதோறும் 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்றும், அவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இலங்கையில் 2012 கணக்கெடுப்பில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 12.4 சதவீதம், அதாவது ஏறத்தாழ 25 இலட்சம் பேர்.

செலவுப் பக்கத்தில் எஞ்சுவது நேரம். 20 நிமிடம் ஒரு நாளின் 1,440 நிமிடத்தில் 1.4 சதவீதம். ஆண்டுக்கு 121 மணித்தியாலம் 40 நிமிடம், 5 முழு நாளுக்குச் சற்று மேல். விடியுமுன் தொழிலுக்கு இறங்குபவருக்கும் கூலிவேலைக்குப் போகிறவருக்கும் இது மலிவான தொகை என்று நான் சொல்லமாட்டேன்.

நிற்பதே கடினமானவர்களின் கணக்கும் உண்டு. அதே 2012 கணக்கெடுப்பில் 734,213 பேர் நடப்பதில் சிரமம் இருப்பதாகப் பதிவானார்கள். 2009 மே மாதம் போர் முடிந்த இந்தக் கரையில், போரில் கால் இழந்தவர்களைத் தவிர்த்து இப்பயிற்சியைப் பற்றி எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. யூ யொங்நியன் விளக்கிய நிலைகளில் இருந்தபடியும் படுத்தபடியும் செய்பவை உண்டு. கதிரையில் இருந்தால் கால் தாங்கும் சுமை பெரும்பாலும் நீங்கும். கையை அதே உயரத்தில் வளைத்துப் பிடித்தால், 60 கிலோகிராம் எடையுள்ளவரின் தோளுக்கு அந்த 6 கிலோகிராம் அங்கும் அப்படியேதான்.