வாடகைக் கப்பலும் வாடகைக் கணக்கும்

சுதேசி என்னும் சொல் மீண்டும் வாய்க்கு வாய் வழங்குகிறது. அதன் பொருள் யாது என்பதைச் சற்று நிதானித்து ஆராய்தல் நலம்.

வண்டலூரைக் கடந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால் கூடுவாஞ்சேரிக்கு அண்மையில் ஜோஹோ கம்பெனியின் தலைமையகம் நிற்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-ல் இப்பெயர் பூண்ட அக்கம்பெனி, 2006-ல் 'கிரியேட்டர்' என்னும் சாதனத்தை வெளியிட்டது. அதன் உபயோகம் யாதெனில்: ஒரு பட்டறையில் சரக்கு வாங்கும் கோரிக்கை குமாஸ்தாவிடமிருந்து மானேஜருக்கும், அவர் சம்மதித்தபின் கணக்கருக்கும் செல்ல வேண்டும். இதற்கான ஏற்பாட்டை, நிரல் எழுதும் நிபுணரை அமர்த்தாமல், அலுவலகத்தாரே திரையில் கட்டங்களை இழுத்து வைத்து அமைத்துக்கொள்ளலாம். நுட்பமான இடங்களில் மட்டும் 'டெலூஜ்' என்னும் அதற்கே உரிய எளிய நிரல்மொழியில் சில வரிகள் வேண்டும். கணக்கும் ஏற்பாடும் பட்டறையின் கம்ப்யூட்டரில் இரா; கம்பெனியின் தரவு மையத்திலிருந்து இணையவழி இயங்கும். ஆளுக்கு இவ்வளவென்று மாத வாடகை. தாம்பரத்தில் சிறுதொழில் நடத்துவோருக்கு இது பெருஞ் சகாயம் என்பதை யாரும் மறுப்பதற்கில்லை.

ஆனால் சகாயம் வேறு, காப்பு வேறு. குஜராத்தில் வாடினார் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா கம்பெனி, ரஷ்யப் பங்குடையது என்ற காரணத்தால் 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைக்கு ஆளாயிற்று. அத்தடை இந்தியச் சட்டமன்று. எனினும் மைக்ரோசாப்ட் தன் சேவையை நிறுத்திற்று. தன் கடிதங்களைத் தானே திறந்து பார்க்க அப்பெருங் கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது. அதன் பின்னரே சேவை மீண்டது.

அந்நியரிடம் வாடகைக்கு எடுத்ததனால் வந்த வினை என்பர் சிலர். 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது முதலில் கப்பலை வாடகைக்கே அமர்த்தினார். தந்தது வெள்ளையர் அல்லர். பம்பாய் வர்த்தகரின் ஷா லைன் கம்பெனி. வெள்ளையர் கப்பல் கம்பெனி நெருக்கவே, அவர்கள் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இலங்கையிலிருந்து வேறொன்றை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்த பிள்ளையவர்கள், சொந்தமாக வாங்கினாலன்றி விமோசனம் இல்லையெனத் துணிந்து, 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்களைத் தருவித்தார்.

ஜோஹோவின் தரவு மையங்கள் சென்னையிலும் மும்பையிலும் உள்ளன. அந்த அளவில் அனுகூலமே. ஆயினும் தகவல்களை அட்டவணையாக எடுத்துக்கொள்ளலாமேயன்றி, பாடுபட்டு அமைத்த ஏற்பாட்டை எடுத்துச் சென்று வேறிடத்தில் ஓட்ட முடியாது. அதைக் கோப்பாக இறக்கினாலும் அக்கோப்பு அம்மேடையிலன்றி இயங்காது. இத்தகைய மேடைகள் பெரும்பாலானவற்றின் இயல்பு இதுவே. இக்கம்பெனியை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. குறை ஒப்பந்தம் செய்வோருடையது. தகவலின் பிரதி நாள்தோறும் உடையவன் கையில் சேர வேண்டும். வேலைமுறையின் விதிகள் தெளிவான வாசகத்தில் தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். சேவையை நிறுத்துமுன் போதிய தவணை தரப்பட வேண்டும். மத்திய அரசு ஊழியர் 12 லட்சம் பேரின் மின்னஞ்சலே இக்கம்பெனியின் மேடைக்குச் சென்றுவிட்ட இக்காலத்தில், நம் மாகாணத்து இலாகாக்களும் நகரசபைகளும் இந்நிபந்தனைகளைக் கேட்டுப் பெற்றனவா என்பதைச் சட்டசபை அங்கத்தினர்கள் வினவுவார்களாக.