செஞ்சிக் கிளியும் அலெக்சாந்தர் பெயரும்

மனிதன் மனையில் வளர்க்கும் உயிர்களுள் சிலவற்றின் குடிவரவை நாள் குறித்தே சொல்லிவிடலாம். மேலைநாட்டுப் பிள்ளைகள் உள்ளங்கையில் வைத்து விளையாடும் ஹாம்ஸ்ரர் என்னும் பொன்னிறச் சிற்றுயிர், 1930ஆம் ஆண்டு சிரியாவின் அலெப்போ நகரை அடுத்த வயலொன்றில் தோண்டியெடுத்த ஒரு தாயின் குட்டிகளிலிருந்து பெருகியது. நம் கிளிக்கோ அத்தகைய பிறப்புச் சாட்சிப்பத்திரம் இல்லை. தினைப்புனத்தில் மகளிர் கடிந்தோட்டிய பறவை எப்படியோ மனைக்குள் மகவாயிற்று. மதுரைத் திருக்கோயிலில் ஒரு மண்டபமே கிளிக்கூட்டு மண்டபம் எனப் பெயர் பெற்றது. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகரிடம் கிள்ளையைத் தூதுவிட்டார்.

இக்கிளிகளுள் பெரியது, தோளிற் செம்மறு உடையது. ஆங்கிலேயர் அதனை அலெக்சாந்தர் கிளி என்பர். கி.மு. 327 முதல் 325 வரை பஞ்சாபிலும் சிந்து வெளியிலும் போர் நடத்திய அவ்வேந்தனால் இது மேற்றிசை சேர்ந்தது என்பது வழக்கு. ஆயின் அவனுக்கு முன்னரே, பாரசீக அரசவையில் மருத்துவனாயிருந்த கிதேசியாசு என்னும் கிரேக்கன், மனிதர்போலப் பேசும் இந்தியப் பறவையொன்றை எழுதிவைத்தான். அது இந்திய மொழி பேசும். கற்பித்தால் கிரேக்கமும் பேசுமாம். அவ்விந்திய மொழி தமிழே என்று மேடையில் முழங்கவல்லார் நம்மிடையே உளர். நான் அக்கூட்டத்திற் சேர்ந்தவனல்லேன்.

என் வழக்கு வேறு. 1760இல் பிரிசோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இப்பெருங்கிளியை நூலேற்றியபோது இட்ட பெயர் ‘செஞ்சிக் கிளி’ என்பதே. செஞ்சிக் கோட்டை 1750 முதல் 1761 வரை பிரெஞ்சியர் கையில் இருந்தது. அவர் விவரித்த பறவை அங்கே கூண்டில் வளர்ந்ததாகவும் இருக்கலாம் என ஆராய்ச்சியாளர் ஐயுறுவர். 1766இல் லின்னேயசு, ‘நற்குடிப் பிறந்தது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை அதற்குச் சூட்டினார். பொதுவழக்கிலோ, தமிழ்நிலத்து ஊர் பெற்ற பெயரைப் படையெடுத்து வந்தவன் பெயர் கவர்ந்துகொண்டது. செஞ்சியின் பெயர் இன்று, அப்பக்கத்தில் இயல்பாக வாழாத வடநாட்டு மைனா ஒன்றின் அறிவியற் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதுவும் ஒரு வேடிக்கை!

நெல்லியடியில் நாம் மிகுதியும் காண்பது செம்மறு இல்லாத சிறிய இனம். போர்க்காலத்தில் எறிகணைபட்டுத் தலையிழந்த பனைகளின் பொந்துகளில் அது குஞ்சு பொரித்ததைக் கண்டிருக்கிறேன். கிள்ளைவிடு தூது படிப்பித்துக்கொண்டிருந்த வாரத்தில், மாணவன் ஒருவன் இறகு முளையாத இரு குஞ்சுகளைப் புத்தகப் பைக்குள் வைத்து வகுப்புக்குக் கொணர்ந்தான். “ஐயா, தூது போன கிளியும் வீட்டிலை வளர்ந்ததுதானே? நான் வளர்த்தால் என்ன?” என்றான்.

நியாயமான வினாவே.  காட்டுக்கிளியைப் பிடித்து அடைப்பதை இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. குஞ்சு கவர்வாராலும், பொந்துள்ள முதுமரங்கள் வீழ்வதாலும் பெருங்கிளி அருகிவருகிறது. இவற்றையெல்லாம் சொன்னேன். அவன் முகம் தெளியவில்லை. “தூது விடுகிறவள் முதலிற் கூட்டைத் திறக்கவேண்டுமே, தம்பி” என்றபோதுதான் பையைத் திறந்தான்.

அன்று மாலை இருவருமாய்ப் பனையடிக்குப் போனோம். அவன் ஏறிக் குஞ்சுகளை வைத்து இறங்கும்வரை தாய்க்கிளி வட்டமிட்டுக் கத்தியது. அவற்றுள் ஒன்றே பிழைத்தது.