கிராமத்துக்குப் போனவர்களுக்கு ஒரு விருது!

உங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பழைய மாணவர் ஒருவரை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவர் பெரிய அதிகாரியாக இருப்பார். இல்லையென்றால் தொழிலதிபராக இருப்பார். ஆசிரியராக இருந்த காலத்தில் இப்படி எத்தனையோ விழாக்களை நான் பார்த்துவிட்டேன். எங்கோ ஒரு குக்கிராமத்தில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக் கொண்டிருக்கும் பழைய மாணவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்ததை மட்டும் அதிகம் பார்த்ததில்லை.

அப்படித் தேடுகிற கல்லூரி ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிதான் அது. சி.எம்.சி. என்று சொன்னால் உங்கள் தாத்தா, பாட்டிக்கே தெரியும். அங்கே படித்துவிட்டு, கிராமத்து மக்களுக்குச் சிறப்பாகத் தொண்டு செய்யும் பழைய மாணவர்களுக்கு 'பால் ஹாரிசன் விருது' வழங்குவது அந்தக் கல்லூரியின் வழக்கம்.

1966-ஆம் ஆண்டு இந்த விருதைப் பெற்றவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கணவர் பெயர் ரஜனிகாந்த். உடனே நடிகரை நினைத்துக் கொள்ளாதீர்கள்! இவர் மகாராஷ்டிராவைச் சேர்ந்த டாக்டர் ரஜனிகாந்த் ஆரோளே. மனைவி டாக்டர் மேபல். இருவரும் வேலூரில் படித்தவர்கள். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி அது. 1947-ல்தான் ஆண்களையும் சேர்த்துக் கொண்டார்கள். இல்லாவிட்டால் ரஜனிகாந்துக்கு அங்கே இடமே கிடைத்திருக்காது!

1960-ல் திருமணம் செய்து கொண்டபோதே, கிராமத்தில்தான் வேலை செய்வது என்று இருவரும் முடிவெடுத்துவிட்டார்கள். மகாராஷ்டிராவில் வடாலா என்ற ஊரில் இருந்த சிறிய மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே அவர்களை ஒரு விஷயம் உறுத்தியது. ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் குணப்படுத்தி அனுப்புவார்கள். கொஞ்ச நாளில் அதே நோயோடு திரும்பி வரும். குடிக்கிற தண்ணீர் மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை. நோய் மட்டும் எப்படி மாறும்?

இருவரும் அமெரிக்கா சென்று பொது சுகாதாரம் படித்தார்கள். அங்கேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1970-ல் திரும்பி வந்து ஜாம்கேட் என்ற வறண்ட ஊரில் வேலையைத் தொடங்கினார்கள். மகாராஷ்டிராவில் கடும் பஞ்சம் நிலவிய காலம் அது. மாத்திரையைவிட மக்களுக்கு முதலில் தேவைப்பட்டது தண்ணீர்தான். ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்ட ஏற்பாடு செய்தார்கள். அவற்றில் பலவற்றைத் தாழ்த்தப்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதியிலேயே அமைத்தார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களும் அங்கேதானே வர வேண்டும்! எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

அடுத்தது, ஊர் ஊராக வைத்தியம் பார்க்க யார் போவது? நர்சுகளைக் கிராமங்களில் தங்க வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. அந்தந்த ஊரிலேயே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தால் என்ன? வந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அந்தப் பெண்கள், குழந்தையை எடை போடவும் சுத்தமான முறையில் பிரசவம் பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குத் தண்ணீரே கொடுக்கக் கூடாது என்பது ஊரில் பலருடைய நம்பிக்கை. இவர்கள் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரைக் கொடுக்கச் சொன்னார்கள். காய்ச்சி ஆற வைத்த 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும். இதை நோட்டில் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

பலன் என்ன தெரியுமா? 1971-ல் அந்தக் கிராமங்களில் பிறந்த 1000 குழந்தைகளில் 176 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 1990-களில் அந்த எண்ணிக்கை 30-க்கும் கீழே வந்துவிட்டது.

1979-ல் ஆரோளே தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1990-ல் பத்மபூஷண். ஆனால், உலகம் திரும்பிப் பார்ப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில் இருந்தவர்களை அவர்கள் படித்த கல்லூரி கண்டுகொண்டதே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1988-ல் வாஷிங்டனில் ஒரு சுகாதார மாநாடு. ஜாம்கேடில் பயிற்சி பெற்ற முக்தாபாய் போள் என்ற கிராமத்துப் பெண் அங்கே பேச எழுந்தார். மேலே தொங்கிய அலங்கார சரவிளக்குகளைக் காட்டினார். டாக்டர்கள் இவற்றைப் போல. அழகானவர்கள், ஆனால் விலை அதிகம், எட்டாத உயரம் என்றார். பிறகு தம் பையிலிருந்து இரண்டு சிறிய திரி விளக்குகளை எடுத்தார். ஒன்றை ஏற்றினார். அதிலிருந்து மற்றொன்றை ஏற்றினார். தம்மைப் போன்றவர்கள் இந்த விளக்குகளைப் போல என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மேபல் அம்மையார் 1999-லும், ரஜனிகாந்த் ஆரோளே 2011-லும் காலமானார்கள். அவர்கள் தொடங்கிய பணி ஜாம்கேடில் தொடர்ந்து நடக்கிறது.