விரைவுப் பந்தும் மட்டை வீச்சும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லைக் கிராமங்களில் காய்ந்த தென்னை மட்டையைச் செதுக்கிக் கிரிக்கெட் ஆடும் சிறுவர்களைக் காணாதவர் இரார். (இரண்டுக்கும் தமிழில் மட்டை என்றே பெயர்.) அது இலேசானது, நினைத்தபடி சுழலும். அதே சிறுவன் பள்ளிக் குழுவில் சேர்ந்ததும், பெரியவர்க்குரிய வில்லோ மட்டையைக் கொடுத்து, விரைந்து வீசுமாறு பணிக்கிறோம். வீச்சு பிந்துகிறது. உடனே கையில் வலுவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இம்முடிவை ஐயுறுவதற்கு இவ்வட்டாரத்திலேயே காரணம் உண்டு. நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடற்கரைச் சிற்றூரான புல்லுவிளையில் பிறந்தவர் சஞ்சு சாம்சன். 2024 நவம்பர் 8ஆம் நாள் டர்பனில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 50 பந்துகளில் 107 ஓட்டங்கள் குவித்தார். 2025 ஜனவரி, பிப்ரவரியில் இங்கிலாந்துடன் நடந்த ஐந்து இருபது ஓவர் ஆட்டங்களிலோ அவர் எடுத்தவை 26, 5, 3, 1, 16, மொத்தம் 51. ஐந்து முறையும் வேகப் பந்துவீச்சாளரின் எகிறு பந்தை அடிக்க முயன்று பிடி கொடுத்தார். மூன்று முறை வீழ்த்தியவர் ஜோஃப்ரா ஆர்ச்சர். இரண்டு மாதங்களில் புயவலு குன்றியிராது. தட்டுப்பாடு வலுவில் அன்று, நேரத்தில் எனக் கொள்வதே பொருந்தும்.

அந்நேரம் எவ்வளவு? மணிக்கு 145 கிலோமீட்டர் வேகப் பந்து, வீசுவோன் கையினின்று மட்டையை அடைய ஏறத்தாழ அரை வினாடி ஆகும். எகிறு பந்தாயின், தரையில் பட்டபின் எஞ்சுவது கால் வினாடியளவே. பீட்டர் மக்லியோட் என்னும் ஆய்வாளர் 1987இல் வெளியிட்ட சோதனையில், தேர்ந்த ஆட்டக்காரரும் இறுதி 0.2 வினாடிக்குள் நிகழும் திசைமாற்றத்துக்கு ஏற்ப அடியைத் திருத்த இயலவில்லை எனக் கண்டார். ஆகவே, பந்து எழும்புவதைக் கண்டு தீர்மானிக்கக் கிடைப்பது ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கு! அமெரிக்கரின் பேஸ்பாலிலும் இதே நெருக்கடிதான். அங்கு பந்து தரையில் படுவதில்லை, எனினும் வந்துசேரும் நேரம் இன்னும் குறைவு.

விரைந்த வீச்சின் பயன் இங்கேதான் விளங்கும். வீச்சு நூற்றில் இரண்டு வினாடி குறைந்தால், கண் அவ்வளவு நேரம் கூடுதலாகப் பந்தைப் பார்க்கலாம். அவ்விரைவைத் தருவது பெரும்பாலும் எடையின் இருப்பிடமே. சுழலும் பொருளின் ஒரு பகுதி கையிலிருந்து இருமடங்கு தொலைவில் இருப்பின், அதன் நிலைமத் திருப்புத்திறன் நான்கு மடங்காகும். கைப்பிடியில் இரண்டங்குலம் கீழே பிடித்தாலே மட்டை இலேசாகத் தோன்றுவது இதனால்தான். முழங்கையை உடலுக்கு அருகில் வைத்து வீச்சைத் தொடங்குவதும் இவ்விதியைச் சார்ந்ததே.

ஒரு மயக்கத்தையும் குறிப்பிட வேண்டும். பேஸ்பால் ஆட்டக்காரர், மட்டையில் எடை வளையம் பூட்டிச் சுழற்றிவிட்டுக் களமிறங்குவதுண்டு. வளையத்தைக் கழற்றியதும் மட்டை பறப்பதுபோல் தோன்றும். அளந்து பார்த்த ஆய்வுகளிலோ, வேகம் கூடவில்லை. பலவற்றில் சற்றுக் குறைந்தே இருந்தது. உணர்வை நம்பாது அளத்தலே நன்று.

ஆசிரியர் இவற்றை வகுப்பிலேயே காட்டலாம். அடிக்கோலை மாணவன் விரல்களுக்கிடையே தொங்கவிட்டு, சொல்லாமல் நழுவவிடுக. அவன் 20 சென்டிமீட்டரில் பற்றினால், எடுத்த நேரம் 0.2 வினாடி. பின்னர் ஒரு கழியின் நுனியிலும், அடுத்து கைப்பிடியருகிலும் அதே கல்லைக் கட்டிச் சுழற்றச் செய்க. வேறுபாட்டைக் கையே சொல்லும்.

களப் பயிற்சிக்கு வேகப் பந்துவீச்சாளர் தேவையில்லை. பத்து மீட்டர் தொலைவிலிருந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் பந்தும் அரை வினாடியில் வந்து சேரும். மென்மையான இரப்பர் பந்தையே கொள்க. மட்டை, சிறுவன் ஒரு கையால் நீட்டிப் பிடித்து நிறுத்தக்கூடியதாக இருக்கட்டும். அது கிட்டும்வரை தென்னை மட்டையே போதும்.