முதல் டிரம்ஸ் செட்: பணம் கொடுக்கும் முன் பில்லைப் பாருங்கள்

இணையக் கடையில் போட்டிருக்கும் படத்தில் எல்லாமே இருக்கும். பளபளக்கும் ஐந்து டிரம், மூன்று நான்கு சிம்பல், ஸ்டாண்டுகள், பெடல், உட்கார ஸ்டூல். வீட்டுக்கு வந்த பெட்டியைப் பிரித்தால் ஐந்து டிரம் மட்டும் இருக்கும். விளம்பரத்தை மறுபடி திறந்து பார்த்தால் அடியில் சின்ன எழுத்தில் 'ஷெல் பேக்' என்று கிடக்கும். ஷெல் பேக் என்றால் வெறும் டிரம்கள்தான் என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் ஆசைக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து ஆர்டர் போட்ட அம்மாவுக்குத் தெரியாது. 'ஃபைவ் பீஸ்' என்ற கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. கிக், ஸ்னேர், இரண்டு டாம், ஒரு ஃப்ளோர் டாம் ஆகிய ஐந்தைத்தான் அது எண்ணுகிறது. சிம்பல் எதுவும் அதில் சேராது. ஹைஹாட் ஒரு ஜோடி, கிராஷ், ரைடு, இவற்றுக்கு ஸ்டாண்டுகள், கிக் பெடல், ஸ்டூல் என்று விடுபட்டதையெல்லாம் தனித்தனியாக வாங்கினால், டிரம்களுக்குக் கொடுத்த விலைக்குப் பக்கத்தில் போய் நின்றாலும் ஆச்சரியமில்லை.

கையில் அளவான பணத்தோடு முதல் செட் தேடுகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: வாய்ச்சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். "எல்லாம் சேர்த்துத்தான் சார்", "அசல் கம்பெனி மால்தான்", "ஏதாவது ஆச்சுன்னா கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்பவை பேச்சில் இருக்கும்வரை உங்களுக்கு உதவாது. அதே வாக்கியங்கள் பில்லில் ஏறிவிட்டால் சட்டம் உங்கள் பக்கம் வந்துவிடும்.

ஆகவே 'டிரம் செட் - 1' என்று ஒற்றை வரியில் போட்ட பில்லை வாங்கிக்கொண்டு வெளியே வரவேண்டாம். ஒவ்வொரு உருப்படியும் அளவோடு எழுதப்பட்டிருக்க வேண்டும்: கிக் 22 அங்குலம், டாம் 10, 12, ஃப்ளோர் டாம் 14 அல்லது 16, ஸ்னேர் 14, ஹைஹாட் 14, கிராஷ் 16, ரைடு 20. பிராண்டும் மாடலும் அதோடு வரவேண்டும். அளவு கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கான ஜூனியர் செட்டில் கிக் டிரம் 16 அங்குலம்தான் இருக்கும். படத்தில் பார்த்தால் பெரிய செட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பதினைந்து வயதுப் பையனுக்கு அதை வாங்கிவிட்டு, முழங்கால் இடிக்கிறது என்று பிறகு வருந்தும் பெற்றோர் இருக்கிறார்கள்.

இருக்கிற பணத்தை எதில் போடுவது? என் கருத்து, முதலில் பெடலிலும் ஸ்டூலிலும் ஹைஹாட்டிலும். ஆரம்ப விலை செட்களின் ஷெல் பெரும்பாலும் பாப்லர் மரம். அதில் குறையில்லை, நல்ல ஸ்கின் மாட்டி ஒழுங்காக டியூன் செய்தால் கற்றுக்கொள்கிறவருக்குத் தாராளமாகப் போதும். ஆடுகிற ஸ்டூல் முதுகைக் கெடுக்கும், இழுத்துப் பிடிக்கும் பெடல் காலின் பழக்கத்தைக் கெடுக்கும். சிம்பலில் உலோகத்தைக் கேளுங்கள். மைனல் எச்.சி.எஸ்., சேபியன் எஸ்.பி.ஆர். போன்ற தொடக்க வரிசைகள் பித்தளை. விலை கூடியவை வெண்கலம், அதாவது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் தலைமுறைகளாகப் பார்த்து வாங்கும் அதே வேறுபாடுதான். பித்தளைச் சிம்பலை அதன் விலைக்கு வாங்குவதில் தவறே இல்லை. வெண்கலம் என்று சொல்லிப் பித்தளையைக் கொடுத்தால் அது மோசடி. பில்லில் உலோகம் எழுதியிருந்தால் அதை நிரூபிப்பது எளிது.

முழு செட்டுக்குப் பணம் போதவில்லை என்றால் பொறுத்திருப்பது நல்லது. ஒரு பிராக்டிஸ் பேடும் ஒரு ஜோடி ஸ்டிக்கும் சில மாதத்துக்குப் போதும். கைவேகம், சமநிலை, எண்ணிக்கை எல்லாம் அதிலேயே படியும். வாரம் ஒருமுறை ஒத்திகை ஸ்டுடியோவில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து முழு செட்டில் உட்காரலாம். அவசரத்தில் வாங்கிய மட்டமான செட் பிள்ளையின் ஆர்வத்தையே அணைத்துவிடும் என்பதால் சொல்கிறேன்.

கடை எதை மறுக்க முடியாது

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியைப் பார்த்தே பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வேறு மாதிரி சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது அந்தச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலம் குறித்திருந்தால் அந்தக் காலத்துக்குள், குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் கடை அதை ஏற்க வேண்டும். பில் தர மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. "பில் இல்லாமல் வாங்கினால் இரண்டாயிரம் குறையும்" என்று சொல்லும் கடையில், அந்த இரண்டாயிரத்துக்கு உங்கள் உரிமை முழுவதையும் விற்றுவிட்டு வருகிறீர்கள்.

எது குறை, எது குறையில்லை என்பதில் தெளிவு வேண்டும். ஷெல் வட்டமாக இல்லாமல் நெளிந்திருப்பது, லக்கின் மறை கழன்று ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றுவது, சிம்பலில் விரிசல், பில்லில் உள்ள உருப்படி பெட்டியில் இல்லாதது ஆகியவை குறைகள். வாங்கிய பிறகு நிறம் பிடிக்கவில்லை, அடுத்த தெருவில் விலை குறைவு, பையன் கீபோர்டுக்கு மாறிவிட்டான் என்பவை குறைகள் அல்ல. மனம் மாறியதற்காகப் பொருளைத் திருப்பித் தரும் பொது உரிமை நம் சட்டத்தில் கிடையாது. கடை தானாகக் கொடுத்தால்தான் உண்டு.

இணையத்தில் வாங்குவோருக்கு மின்வணிக விதிகள், 2020 கூடுதல் காவல் தருகின்றன. பொருள் குறையுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். படத்தில் சிம்பலைக் காட்டி, பெட்டியில் வைக்காமல் அனுப்பிய ஷெல் பேக் விவகாரத்தில் இந்த விதி நேரடியாகப் பொருந்தக்கூடியது. ஆனால் 'சிம்பல் சேராது' என்று பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும். ஆர்டர் போட்ட அன்றே விளம்பரப் பக்கம் முழுவதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்பவர்கள் பக்கத்தைப் பிறகு மாற்றிவிட முடியும். பெட்டியின் முகவரிச் சீட்டில் தொடங்கி, கடைசி ஸ்க்ரூ வெளியே வரும்வரை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள்.

மெல்லிசைக் குழுவில் வாசித்துப் பிழைக்கலாம் என்று செட் வாங்கும் இளைஞர்கள், "தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்று விரட்டப்படுவதுண்டு. சுயதொழில் செய்து வாழ்க்கை நடத்துவதற்காக ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளை இந்தச் சட்டம் வணிக நோக்கம் என்று கொள்வதில்லை. கோயில் திருவிழாக் கச்சேரியில் வாசித்து வீட்டு வாடகை கட்டுகிறவரும் நுகர்வோர்தான்.

செகண்ட் ஹேண்ட்

சிறு பட்ஜெட்டுக்கு நல்ல வழி பழைய செட்தான். புது மட்ட செட்டைவிட, பராமரித்து வைத்த பழைய யமஹாவோ பேர்லோ டாமாவோ பல ஆண்டு கூடுதலாக உழைக்கும். ஆனால் நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். போகும்போது ஒரு டிரம் கீயும் அளவு டேப்பும் டார்ச்சும் போதும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது.

ஒரு டாமின் ஸ்கின்னைக் கழற்றி, ஷெல்லைச் சமதளமான கிரானைட் மேடையில் கவிழ்த்து வையுங்கள். உள்ளே டார்ச் அடித்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் வெளிச்சம் கசிந்தால் விளிம்பு தேய்ந்திருக்கிறது, அந்த டிரம் ஒழுங்காக டியூன் ஆகாது. டேப்பை வைத்துக் குறுக்கே நாலு பக்கமும் அளந்தால் வட்டம் கெட்டிருக்கிறதா என்று தெரியும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கையால் சுற்றிப் பாருங்கள். சிம்பலின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் மயிரிழை விரிசலும் தட்டுப்படும். நடுத் துளை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்திருந்தால் வெகுகாலம் மோசமாக மாட்டி அடித்திருக்கிறார்கள். கிழிந்த ஸ்கின்னைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம், அது மாற்றக்கூடியது. விலையைக் குறைக்கச் சொல்லலாம். ஸ்கின் இன்றைய அளவில் கிடைக்குமா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். 1960களில் வந்த பழைய பிரீமியர் டிரம்கள் சிலவற்றின் அளவு இன்றைய ஸ்கின்களுக்குப் பொருந்தாது. எலக்ட்ரானிக் செட் என்றால் ஒவ்வொரு பேடையும் மெதுவாகவும் பலமாகவும் அடித்துக் கேளுங்கள், அடாப்டரைப் புரட்டிப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் அடாப்டரை நம் 230 வோல்ட்டில் செருகினால் மாட்யூல் கருகிவிடலாம். வெளிநாட்டில் வாங்கி வந்ததற்கு இங்கே வாரண்டி கிடைக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது.

பழைய பொருளை ஒரு கடை விற்றால் நுகர்வோர் சட்டம் பொருந்தும். தன் வீட்டுச் செட்டை ஒருமுறை விற்கும் தனிநபர்மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் பொதுவாகப் போக முடியாது. அங்கே கைகொடுப்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். விவரித்துச் சொன்ன பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும், விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படை நிபந்தனைகள். எனவே விவரத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்: "எல்லாச் சிம்பலும் விரிசல் இல்லாதவை, மாடல் இது, இத்தனை வருடம் பழையது." பணம் கைமாறும்போது ஒரு தாளில் பெயர், முகவரி, தொகை, உருப்படிகள் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பழைய பில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரியவந்தால் செட்டை உரியவரிடம் விடவேண்டி வரும். உங்கள் பணத்தை விற்றவரிடம் கேட்க இந்தத் தாள்தான் ஆதாரம். சந்தேகத்துக்கு இடமாகப் பாதி விலைக்கு வருவதைத் தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு உங்கள்மீதே பாயலாம்.

"மாற்றலாகிப் போகிறேன், நிறையப் பேர் கேட்கிறார்கள், முன்பணம் போட்டால் லாரியில் ஏற்றிவிடுகிறேன்" என்று சொல்லி, ராணுவ அடையாள அட்டைப் படத்தையும் அனுப்பும் ஆளிடம் சிக்கி ஏமாந்தவர்கள் ஏராளம். முன்பணம் போனதும் பார்சல் கட்டணம், அடுத்து இன்ஷூரன்ஸ், அடுத்து 'திரும்ப வரும்' டெபாசிட் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி க்யூஆர் கோடு அனுப்பினால் அதை ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் பெறுவதற்கு யாரும் யுபிஐ பின் போடத் தேவையில்லை. ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போடுவதில் நஷ்டம் உங்களுக்கே.

தவணையில் வாங்குவோர் 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், கடன் தரும் நிறுவனத்திடம் முக்கிய விவர அறிக்கையைக் கேளுங்கள். ஆண்டு வட்டி விகிதமும் எல்லாக் கட்டணமும் அதில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பிராசஸிங் கட்டணம் அங்கேதான் வெளியே வரும்.

பக்கத்து வீடும் உங்கள் காதும்

செட் வீட்டுக்கு வந்ததும் வரும் முதல் சண்டை அண்டை வீட்டாரோடு. ஒலி மாசு விதிகள், 2000 இரவு 10 முதல் காலை 6 மணிவரை மூடிய அரங்குகளுக்கு வெளியே இசைக்கருவி வாசிப்பதைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. தனியார் இடத்தின் எல்லையில் சத்தம் அந்த வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அகூஸ்டிக் டிரம்ஸ் அறைக்குள் 100 டெசிபலைத் தாண்டும் என்பதால், அடுக்குமாடியில் பகலில்கூட இது சட்டச் சிக்கல்தான். முன்கூட்டியே நேரம் பேசி வைத்துக்கொள்வதும் மியூட் பேட் போடுவதும் சண்டையைத் தவிர்க்கும். எலக்ட்ரானிக் செட்டிலும் கிக் பெடலின் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். அடியில் கனமான ரப்பர் பாய் போடுங்கள்.

காதைப் பற்றிக் கடையில் யாரும் சொல்வதில்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு 100 டெசிபலில் 15 நிமிடம்தான் பாதுகாப்பான அளவு என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. போன கேட்கும் திறன் திரும்ப வராது. செட் வாங்கும் அன்றே இயர்பிளக்கும் வாங்குங்கள், பட்ஜெட் எவ்வளவு இறுகியிருந்தாலும்.

புகார் செய்வது எப்படி

முதலில் கடைக்கு எழுத்தில்: வாங்கிய தேதி, பில் எண், குறை, என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள். மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ போதும். பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்யலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயல்வார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணமே கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. கடை மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளக்கூடும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மனுவில் விலையைத் திருப்பிக் கேட்பதோடு நின்றுவிடாமல், செட்டை ஏற்றி இறக்கிய வண்டிச் செலவு, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றையும் தனித்தனித் தொகையாக எழுதுங்கள்.