இரண்டு கிடுகுக்கு ஒரு முடிச்சு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆங்கிலக் கல்வி இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். அவரே 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சேற்றினார். இரு மொழிகளையும் ஒருங்கே போற்றிய மரபு நம்முடையது. அவ்வாறிருந்தும், நம் மாணாக்கர் எழுதும் ஆங்கில வாக்கியங்களில் இணைப்புச் சொற்கள் அடிக்கடி இடறுகின்றன. காரணம் யாது?

தமிழில் இணைப்பு, வினையின் இறுதியில் ஒட்டி நிற்கும். ‘மழை பெய்தும் வந்தான்’, ‘மழை பெய்தபடியால் வரவில்லை’ என்கிறோம். ஆங்கிலத்திலோ அது தனிச்சொல்லாய், வாக்கியப் பகுதியின் தலையில் நிற்கும். மாணாக்கன் ‘ஓல்தோ’ என்று தொடங்குகிறான். தமிழில் ‘உம்’ வரவேண்டிய இடத்தை அடைந்ததும், எதையோ விட்டுவிட்டதாக அவன் மனம் உறுத்துகிறது. உடனே ‘பட்’ என்பதையும் சேர்த்து, ‘ஓல்தோ இட் ரெயின்ட், பட் ஹீ கேம்’ என்று எழுதிவிடுகிறான். ‘பிகோஸ்’ என்று தொடங்கியவன் நடுவில் ‘ஸோ’ போடுவதும் இவ்வாறே. இரண்டு கிடுகைச் சேர்த்துக் கட்ட ஒரு முடிச்சுப் போதும். இரண்டில் ஒன்றை நீக்கினால் வாக்கியம் செம்மையாகும்.

‘ஓல்தோ’வுக்குப் பின் ‘யெட்’ வரலாமே எனச் சிலர் கேட்பர். வரலாம். அங்கே ‘யெட்’ என்பது ‘ஆயினும்’ என்னும் அழுத்தத்தையே தருகின்றது. இணைக்கும் வேலையைச் செய்வதில்லை. ‘பட்’டுக்கு அச்சலுகை இல்லை.

மேற்கூறிய பிழைகளால் அழகு கெடுமேயன்றிப் பொருள் கெடாது. ‘அன்லெஸ்’ விஷயத்திலோ பொருளே தலைகீழாகும். ‘உதவாவிட்டால்’ என்னும் நம் சொல்லில் எதிர்மறை உண்டு. ‘அன்லெஸ்’ என்பதும் தன்னுள்ளேயே எதிர்மறையை அடக்கியது. இதனை அறியாத ஏழை மாணவன் ஒருவன், உதவிப்பணம் கோரும் விண்ணப்பத்தில், ‘அன்லெஸ் யூ டூ நொட் ஹெல்ப், மை ஸ்டடீஸ் வில் ஸ்டொப்’ என்று எழுதினால், ‘நீங்கள் உதவினால் என் படிப்பு நின்றுவிடும்’ என்றே பொருள்படும்! ‘டூ நொட்’ என்பதை எடுத்துவிடுக; அல்லது ‘அன்லெஸ்’ இருந்த இடத்தில் ‘இஃப்’ வைத்திடுக.

இன்னுமொன்று. ‘அரிசியும் பருப்பும் உப்பும்’ என எண்ணும்மை பொருள்தோறும் வரும். ஆங்கிலத்தில் ‘அண்ட்’ பெரும்பாலும் கடைசிப் பொருளுக்கு முன் ஒருமுறையே வரும்.

இவை அறியாமையால் நேர்பவை அல்ல. தமிழின் ஒழுங்கை ஆங்கிலத்தின்மீது ஏற்றுவதால் நேர்பவை. ஆதலின் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. தமிழ் எங்கே முடிச்சிடுகிறது, ஆங்கிலம் எங்கே முடிச்சிடுகிறது என்று இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவதே தக்க வழி. பெற்றோர் மாலையில் பத்து நிமிடம் ஒதுக்கி, பிள்ளை எழுதிய வாக்கியத்தை அவன் வாயாலேயே படிக்கச் செய்யலாம். இரண்டு முற்றுவினைகளுக்கிடையே இணைப்புச் சொல் ஒன்றா, இரண்டா என்று அவனே எண்ணட்டும்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை நம் நாட்டின் இணைப்பு மொழி என்றது. இணைப்பு மொழியை நாடுவோர் முதலில் அதன் இணைப்புச் சொற்களைக் கற்றுத் தெளிதல் நன்று.